நாற்பது கட்டம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட மறந்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விட்டார். ஒரு வாளியில் குளியலையும் துணியையும் முடித்துக்கொண்டு அலுவலகம் போனேன். பீளமேட்டில் காற்று தொடங்கிவிட்டது. துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது.

இன்று வந்த கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும் மறுப்பு எழுதி மூடினேன். என் வேலையில் பெரும்பகுதி இதுதான். "கம்ப்யூட்டர்ல யாராவது எதையாவது கேப்பாங்க, இவ முடியாதுன்னு சொல்லுவா, அதுக்குச் சம்பளம்" என்று அம்மா சித்தியிடம் சொல்லியிருக்கிறாள். தவறென்று சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுத முடிகிறதா என்று இங்கே ஒருமுறை முயன்று பார்க்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எழுதியதை எப்படி அடுக்குவது? அடைப்புக்குறி எந்த வரியில் வர வேண்டும், வரி எவ்வளவு நீளலாம், எங்கே இடம் விடலாம்? ஒன்பது வருடங்களுக்கு முன் தமயந்தி அக்கா தாராபுரத்தில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு கருவி எழுதினார். பெயர் வகிடு. கோப்பைச் சேமித்த கணத்தில் வகிடு அதைத் தன் ஒழுங்கில் வாரிவிடும். அந்த ஒழுங்கை யாரும் மாற்ற முடியாது. அமைப்புகள், அதாவது செட்டிங்ஸ், என்ற பக்கமே அதில் கிடையாது. அதனாலேயே சண்டை நின்றது, அதனாலேயே புகழ் வந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் 'வாகிடோ' என்று சொல்லிக்கொண்டு அதைப் பயன்படுத்துகிறார்கள். அக்காவை மேடைகளுக்கு அழைக்கிறார்கள். இந்த மாதம் பெங்களூரில் பேசுகிறார். நாங்கள் ஆறு பேர், ஒரு பம்புசெட் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் இருக்கிறோம்.

அமைப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் போகும் பதில் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: 'ஒவ்வொரு தேர்வும் ஒரு சண்டைக்குத் திறந்து வைத்த கதவு. அந்தக் கதவுகளை உங்களுக்காக நாங்கள் மூடியிருக்கிறோம். உள்ளே மிஞ்சுவது அமைதி.' ஜெர்மனியில் ஒருவர் இதைப் பனியனில் அச்சடித்து விற்கிறார், கீழே தமயந்தி என்று போட்டு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானத்தில் நான் எழுதியது. அதெல்லாம் ஒரு விஷயமில்லை. கடைசிச் சொல்லாக அமைதியை வைக்கத்தான் நேரம் பிடித்தது.

ஜூன் 5, வியாழன்

வரியின் தொடக்கத்தில் டேப் வேண்டுமாம். மறுபடியும். எபனேசர் என்று ஒருவர். முழுதும் படிக்கவில்லை. 'முன்பே கேட்கப்பட்டது' என்று குறித்து, மூன்று வாக்கியத்தையும் ஒட்டி, மூடினேன்.

இந்தத் தொழிலின் மிகப் பழைய சண்டை இதுதான். வரியை உள்ளே தள்ளி எழுத டேப் விசையை ஒருமுறை தட்டுவதா, ஸ்பேஸ் விசையை நான்குமுறை தட்டுவதா? திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதற்காக நண்பர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். வகிடு ஸ்பேஸ் பக்கம்.

தயிர் புளித்துவிட்டது. மோர்க்குழம்பு.

ஜூன் 6, வெள்ளி

அந்த எபனேசர் மூடியதைத் திறந்து பதில் போட்டிருக்கிறார்.

"உங்கள் மூன்று வாக்கியங்களும் நன்றாக இருக்கின்றன. நான் என்ன கேட்டேன் என்பதைப் படித்தீர்களா? எனக்குக் கண் தெரியாது. விரலால் படிக்கிறேன்."

முதலில் எழுதியதை அப்போதுதான் முழுதும் படித்தேன். விசைப்பலகைக்கு முன்னால் ஒரு பட்டை வைத்திருக்கிறார். பிரெய்ல் பட்டை. அதில் நாற்பது கட்டங்கள். திரையில் இருக்கும் வரி அந்தக் கட்டங்களில் புள்ளிகளாக எழும்பும், விரலால் தடவிப் படிக்க வேண்டும். ஒரு ஸ்பேஸுக்கு ஒரு கட்டம். நான்கு படி உள்ளே தள்ளிய வரி என்றால் பதினாறு கட்டம் வெறுமையாகப் போய்விடும். மீதி இருபத்து நான்கில் வரி நுழையாது. டேப் ஒன்றுக்கு ஒரு கட்டம்தான், அதனால் நான்கே கட்டம்.

எனக்கு இது தெரியாது. யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"தெரிவித்ததற்கு நன்றி. கட்டாயம் பரிசீலிக்கிறோம்" என்று எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். அக்கா பேச்சுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார். தலைப்பு, 'இல்லை என்று சொல்லும் கலை.'

ஜூன் 9, திங்கள்

மதியம் சாப்பிடும்போது அக்காவிடம் பேச்சை எடுத்தேன்.

"அக்கா, டேப் வேணும்னு மறுபடியும் ஒருத்தர் கேட்டிருக்கார்."

கவின் தட்டிலிருந்து நிமிர்ந்தான். எங்களில் இளையவன், பேச்சு மட்டும் பெரியது. "அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியலீங்களா? அவுங்களை எல்லாம் ஒரு பஸ்ஸுல ஏத்தி வாளையாறு தாண்டி கேரளாவுல உட்ருங்க."

"எங்க தாத்தங்காலத்துச் சண்டையாட்ட ஆயிப்போச்சு அது" என்று அக்கா சிரித்தார். "யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லீரு, கண்ணு. ஒருத்தருக்குத் தொறந்தா அப்புறம் ஊருக்கே தொறக்கோணும். அதையத்தான் நீயே அழகா எழுதி வெச்சிருக்கியே."

"இவர் கொஞ்சம் விடாம கேக்கறார்."

"விடாம கேக்கறவங்க எல்லாம் நல்லவங்கதான். விடாம இல்லைன்னு சொல்லு. அந்தப் பொரியலை இங்க தள்ளு."

தள்ளினேன். அக்காவின் கருத்து தெளிவாகக் கிடைத்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

எபனேசர் தொலைபேசி எண் கேட்டு எழுதியிருந்தார். கொடுக்காமல் இருப்பது சரியாகப் படவில்லை. மாலையில் அழைத்தார். குரலில் பாளையங்கோட்டை.

"வணக்கம் மேடம். முடியாதுன்னு எழுதுத ஆளு நீங்கதானா? நான் மெஷின்னுல்லா நெனச்சேன்."

மெஷின் இல்லை என்றேன்.

"சும்மா சொன்னேன். எல்லா மறுப்பும் ஒரே மாதிரி இருந்துச்சா, அதான். நல்ல இங்கிலீஷ். யாரு எழுதினது, தமயந்தி மேடமா?"

ஆமாம் என்றேன். அப்படிச் சொல்வதுதான் சுலபம்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஜனவரியில் சேர்ந்திருக்கிறார். ஆறு மாதம் பயிற்சிக் காலம். அவர் சேரும்போது அங்கே வகிடு இல்லை. மே மாதம் மேலிடத்தில் முடிவெடுத்து எல்லாக் குழுக்களுக்கும் போட்டுவிட்டார்கள்.

"ஏப்ரல் வரைக்கும் டீம்ல வேகமான ஆளு நான்தான். வேணும்னா விசாரிச்சுப் பாருங்க. இப்போ நான் ஸ்லோவாம். மேனேஜர் சொல்லுதாரு. சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் போட்டு டேப்பா மாத்திப் படிச்சுப் பாத்தேன். சேமிச்ச உடனே உங்க கருவி திரும்ப ஸ்பேஸ் ஆக்கிருது. நான் வெரல எடுத்து வச்சா வரியே காணும். சோறு திங்கப்போ தட்ட இழுத்த மாதிரி இருக்கு."

உங்கள் மேனேஜரிடம் இதைச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னு அவருக்குத் தெரியும் மேடம். அதனாலதான் ஸ்லோன்னு தெரிய வேண்டாம். ஒருதடவை அப்படி நெனச்சுட்டாங்கன்னு வைங்க, அப்பறம் நான் எது எழுதினாலும் 'பாவம், இவ்வளவாது செஞ்சானே'ன்னுதான் பாப்பாங்க. டீம் லீடர்கிட்ட டேப் நல்லதுன்னு பொதுவாப் பேசி ஒத்துக்க வச்சுட்டேன். எல்லாருக்கும் டேப், எனக்கும் டேப். அவங்க ரெடி. உங்க கருவிதான் ஒத்துக்க மாட்டேங்குது."

"எப்போதைக்குள்ள வேணும்?"

"இருபத்தாறாம் தேதி ரிவ்யூ. நிரந்தரமா, வீட்டுக்கான்னு அன்னைக்குச் சொல்லிருவாங்க. அதுக்கு முன்னால ரெண்டு நாளு கெடச்சாக்கூடப் போதும், பழைய வேகத்தக் காட்டிருவேன். தமயந்தி மேடம்கிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் நேரா எழுதட்டா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 14, சனி

வாஷிங் மெஷின் ரிப்பேர்க்காரர் வரவில்லை. அம்மா பேசினாள். உடுமலையில் ஒரு பையனாம், புத்தகம் எல்லாம் படிப்பானாம். என்ன புத்தகம் என்று கேட்டேன். "அதையெல்லாமா கேப்பாங்க?" என்றாள்.

மத்தியானம் ஒரு காரியம் செய்து பார்த்தேன். பழைய காலண்டர் அட்டையில் நாற்பது எழுத்து அகலத்துக்கு ஒரு ஓட்டை வெட்டினேன். அதைத் திரையின்மேல் வைத்து, நானே எழுதிய கோப்பை அந்த ஓட்டை வழியாக மட்டும் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை, பிறகு பாதி வாக்கியம். அட்டையை நகர்த்தி மீதியைப் பார்ப்பதற்குள் முன்பாதி மறந்துபோனது. நான் எழுதியதே எனக்குப் புரியவில்லை.

சற்று நேரத்தில் நிறுத்திவிட்டேன். வேறு வேலை இருந்தது. நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவலில் இன்னும் நூறு பக்கம் பாக்கி. அதில் ஒரு குமாஸ்தா வருகிறான். யாருக்கும் தீங்கு நினைக்காதவன், எல்லா மனுக்களையும் ஒழுங்காக அடுக்கி வைப்பவன். ஆசிரியருக்கு அவன்மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று விளங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டேப் அமைப்பை எழுதிப் பார்த்தேன். சும்மா, எவ்வளவு வேலை பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள. அரை நாள் கூட ஆகவில்லை. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. என் கணினியில் தனியாக வைத்திருக்கிறேன்.

அதை வகிட்டில் சேர்க்கும் அனுமதி எனக்கும் உண்டு. ஆனால் ஒன்பது வருடக் கொள்கையை அக்காவைக் கேட்காமல் உடைப்பது முறையாகாது. அக்காவைக் கேட்கலாம். ஆனால் நான்கு நாளில் மேடையேறி அந்தக் கொள்கையைப் பற்றியே பேசப்போகிறவரிடம் இந்த நேரத்தில் எப்படிக் கேட்பது? பேச்சு முடியட்டும்.

பேச்சில் என் மூன்று வாக்கியத்தையும் முழுதாகத் திரையில் போடப்போகிறாராம். எழுத்துரு எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

எபனேசர்: "மேடம், ஞாபகப்படுத்தினேன்."

நான்: "பேசிக்கொண்டிருக்கிறோம்."

ஜூன் 21, சனி. பெங்களூர்

அரங்கம் நிறைந்துவிட்டது. அக்கா காட்டன் புடவையில், கையில் ஒரு தாளும் இல்லாமல் பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் விளக்கைக் குறைத்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அந்த மூன்று வாக்கியங்கள் வந்தன. கைதட்டல் அடங்கியதும் அக்கா சொன்னார், "இது நான் எழுதுனதுன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்கீங்க. எழுதுனது எங்க மதுரவல்லி. அதா, மூணாவது வரிசையில உக்காந்திருக்குது. எந்திரி, கண்ணு."

எழுந்து நின்றேன். நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கும்பிட்டேனா, கையசைத்தேனா என்று நினைவில்லை.

இதற்கெல்லாம் ஆசைப்படுகிற ஆள் நான் இல்லை. அறைக்கு வந்ததும் முகம் கழுவினேன். கண்ணாடியில் முகம் நன்றாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

ரயிலில் திரும்பினோம். ஜோலார்பேட்டையிலிருந்து ஈரோடு வரை அக்கா விழித்துத்தான் இருந்தார். பேச நிறைய நேரம் இருந்தது. புடவை விலை, தாராபுரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீடு, கவினுக்குச் சம்பளம் கூட்டலாமா என்று பேசினோம். சேலத்தில் காபி வாங்கிக் கொடுத்தேன்.

"நீ எதையோ யோசிச்சிட்டே வர்றியே?" என்று கேட்டார்.

"தூக்கம்க்கா" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெங்களூர் கூட்டத்துக்கு வந்திருந்த யாரோ ஒரு பெண், எங்கள் பழைய மறுப்புகளைத் தேடிப் படித்திருக்கிறாள். எபனேசரின் கோரிக்கையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். 'எனக்குக் கண் தெரியாது, விரலால் படிக்கிறேன்' என்ற வரி, அதற்குமேல் எங்கள் 'முன்பே கேட்கப்பட்டது', கூடவே அமைதியில் முடியும் மூன்று வாக்கியமும். காலைக்குள் பல்லாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பனியன் விற்பவர் விற்பனையை நிறுத்திவிட்டதாக அறிவித்திருக்கிறார்.

நான் போனபோது அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையும் கேட்கவில்லை என்பது போல இருந்தான்.

"இவருக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆறாம் தேதி."

"ஒம்பதாம் தேதி சோறு திங்கறப்பக் கேட்டியே, அது இவரைப் பத்தியா?"

"ஆமாம்க்கா. நீங்க யார் கேட்டாலும் இல்லைன்னு…"

"நீ எங்கிட்டக் கேட்டது டேப்பா ஸ்பேஸான்னு. இந்த மனுசனைப் பத்தி எங்கடி கேட்ட?"

அக்கா என்னை 'டி' போட்டுப் பேசியது இதுவே முதல்முறை.

"உங்க பேச்சு இருந்துச்சு. குழப்ப வேண்டாம்னு."

"எம்பேச்சா?" என்று நிறுத்தினார். "செரி. அப்புறம் பேசலாம். இதையச் செஞ்சு முடிக்க எத்தனை நாளாகும்? எல்லாரும் உக்காந்தா நாளைக்குள்ள முடியுமா?"

"எழுதிட்டேன். பதினேழாம் தேதியே."

கீழே கடையில் பம்பு ஒன்றை ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார்.

"சேத்து வெளியிடு" என்றார்.

மாலை ஐந்துக்குள் புதுப் பதிப்பு போய்விட்டது. வகிட்டின் முதல் அமைப்பு. மூன்று வாக்கியங்களையும் எங்கள் தளத்திலிருந்து அக்கா தன் கையாலேயே நீக்கினார். எனக்கு அதில் வருத்தமில்லை. நீக்கத்தானே வேண்டும்.

ஜூன் 25, புதன்

எபனேசரிடமிருந்து செய்தி: "வெளியிட்டதைப் பாத்தேன். நன்றி. வீட்டு லேப்டாப்ல போட்டுப் பாத்தேன், அருமையா இருக்கு. ஆனா எங்க கம்பெனில எந்தப் புதுப் பதிப்பா இருந்தாலும் ஒண்ணாந்தேதிதான் ஏத்துவாங்க. நடுமாசத்துல தொட மாட்டாங்க. பரவால்ல. நாளைக்கு ஏப்ரல் மாசத்து வேலையையும் மே மாசத்து வேலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டப் போறேன். டீம் லீடரும் பேசுதேன்னு சொல்லிருக்காரு. நீங்க யார்கிட்டயும் எனக்காகப் பேசிர வேண்டாம்."

பேச வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். யாராவது பேசினால் வேண்டாம் என்று இருக்குமா? தவறு எங்களுடையது. அதை எங்கள் தரப்பிலிருந்து ஒருவர் சொல்வது நியாயம்தானே.

அந்த நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். மேனேஜரின் எண் எங்களிடம் இருந்தது. வித்யாசாகர் என்று பெயர். அக்காவுக்கு வேறு கவலைகள் இருந்ததால் சொல்லவில்லை. மொட்டைமாடிக்குப் போய் அழைத்தேன்.

நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். நாற்பது கட்டங்களைப் பற்றிச் சொன்னேன். நான் அட்டையில் ஓட்டை வெட்டிப் படித்ததைச் சொன்னேன். நாமெல்லாம் ஒரு பார்வையில் வாங்கிக்கொள்வதை அவர் விரல் நுனியில் துளித்துளியாகச் சேர்த்துக் கட்டுகிறார் என்று சொன்னேன்.

"அய்யய்யோ, மேடம், எங்களுக்கு இது தோணவே இல்லையே. அந்தப் பையன் இவ்வளவு கஷ்டப்பட்டுட்டு இருந்திருக்கானா? ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்ல மாட்டார் சார். ரிவ்யூவை ஒரு வாரம் தள்ளி வெச்சீங்கன்னா…"

"நீங்க கவலையே படாதீங்க. அவனை நான் விட்டுட மாட்டேன். நான் பாத்துக்கறேன்."

இரண்டு முறை நன்றி சொன்னார். இறங்கி வரும்போது மனம் லேசாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு வழியில் நின்று ஒரு முழம் மல்லிகை வாங்கினேன்.

ஜூன் 26, வியாழன்

செய்தி எதுவும் இல்லை. வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

மதியம் எபனேசர் அழைத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன்.

"மேடம், வித்யாசாகர் சார்கிட்ட அழகாப் பேசினீங்களாம். கண்ணு கலங்கிட்டுன்னு அவரே சொன்னாரு."

"ரிவ்யூ என்னாச்சு?"

"ரிவ்யூவா? அதுக்குத் தேவையே இல்லன்னுட்டாங்க. நான் உள்ள போயி லேப்டாப்பத் தொறக்கேன், 'அதெல்லாம் வேண்டாம் எபனேசர், மூடிரு'ங்காரு. எச்.ஆர். மேடம் எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. வேலை நிரந்தரமாம். சம்பளமும் கொறைக்க மாட்டாங்களாம்."

"அப்படின்னா…"

"கஸ்டமர் சப்போர்ட்ல. போன் எடுத்துப் பேசணும். 'உனக்கு நல்ல குரலு, இதுல ஒனக்கு எந்தச் செரமமும் இருக்காது'ன்னாரு. நான் எழுத வந்தவன் சார்னேன். 'போதும்ப்பா நீ பட்ட கஷ்டம், எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு'ங்காரு. டீம் லீடரு பேச வாயெடுத்தாரு, அவரையும் உக்கார வச்சுட்டாங்க."

மேலே ஏறி வந்த ஒருவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன்.

"எங்க ஸ்கூல்ல எனக்கு முன்னால படிச்சவங்கள்ல முக்காவாசிப் பேரு டெலிபோன் ஆபரேட்டர் மேடம். பேங்க்ல, கலெக்டர் ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில. நல்ல வேலைதான், கொறை சொல்லல. ஆனா யாரும் அவங்களக் கேட்டுக் குடுக்கல. கண்ணு தெரியாதா, இந்தா போனு. அதுலேர்ந்து தப்பிக்கத்தான் நான் ராத்திரி பகலா இதப் படிச்சேன். நேத்து கால் மணி நேரத்துல திருப்பி அங்கயே கொண்டு உக்கார வச்சுட்டாங்க. அன்பா."

"நான் மறுபடியும் வித்யாசாகர்கிட்டப் பேசறேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டார். நான் சரியா எடுத்துச் சொன்னா…"

"ஒண்ணும் பண்ணாம இருங்க மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "அத மட்டும் பண்ணுங்க."

ஜூன் 28, சனி

நாள் முழுதும் அறையில். வித்யாசாகருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நன்றாக வந்தது. அனுப்பவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

எபனேசரின் பழைய நிறுவனத்தில் இன்று புதுப் பதிப்பு ஏறியிருக்கும். 'பழைய' என்று ஏன் எழுதினேன்? அவர் போய்விட்டதாக யாரும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

எபனேசர் தன் கோரிக்கையின் கீழே, எல்லாரும் பார்க்கும்படி எழுதியிருக்கிறார்:

"டேப் அமைப்பைச் சோதித்தேன். சரியாக வேலை செய்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து எங்கள் குழுவிலும் வந்துவிட்டது. நான் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை."

அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள். பாராட்டுகள். 'இப்படித்தான் உலகம் மாறுகிறது' என்று ஒருவர்.

முடிந்த கோரிக்கையை மூட வேண்டும். அது வழக்கம். மூடுவதற்கு முன் ஒரு வரி எழுதுவதும் வழக்கம். எழுதத் தொடங்கினேன். நான்கு வாக்கியம் வந்தது. மூன்றாவது மிக நன்றாக இருந்தது. அதைத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். மூடவும் இல்லை.

அம்மா அழைத்தாள். எடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

அக்கா வாரக் கூட்டம் வைத்தார். இருபத்து நான்காம் தேதிக்குப் பிறகு என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. ஆனால் எனக்கும் சேர்த்துத்தான் டீ சொல்கிறார். இன்று முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. இன்னும் என்னென்ன மறுத்திருக்கிறோம் என்று எல்லாரும் உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும் என்றார். கோரிக்கைகளை வருடவாரியாகப் பிரித்துக் கொடுத்தார். நான் மறுப்பு எழுதிய கடைசி மூன்று வருடங்களை எனக்குக் கொடுக்கவில்லை.

கவின் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். "இந்த டேப்பு விசயம் மட்டும் இன்னும் தொறந்தே கெடக்குதுங்க. வேலை முடிஞ்சுதுன்னு அவரே எழுதிட்டாரு. மூடீரட்டுங்களா? நல்லபடியா முடிஞ்சதுன்னு ஒரு வரி போட்டு?"

"மூடீரு" என்றார் அக்கா. "பாவம், அவரும் வேற எடம் பாத்துட்டுப் போயிட்டாராட்ட இருக்குது. நல்லா இருக்கட்டும்."

கவினின் விரல் விசைமேல் இருந்தது.

"நல்லபடியா முடியல" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். குரல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது போல.

"அவருக்கு அந்த வேலை கெடச்சிருக்கும். அவரே பேசி வாங்கியிருப்பார். முந்தின நாள் நான் அவர் மேனேஜருக்குப் போன் பண்ணினேன். பேச வேண்டாம்னு அவர் எழுதியிருந்தார். உங்ககிட்டயும் சொல்லாமப் பண்ணினேன். அவங்க இரக்கப்பட்டு அவரை டெலிபோன்ல உக்கார வெச்சுட்டாங்க. அதனாலதான் போயிட்டார்."

கவின் விரலை எடுத்துவிட்டான். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேண்டாம்னு சொன்ன மனுசனுக்காக ஏங்கண்ணு பேசின?"

பதில் தேடினேன். எப்போதும் ஏதாவது ஒன்று வரும்.

"நல்லாப் பேசிருவேன்னு நெனச்சேன்க்கா."